இயேசு கடவுளா? அவரிடம் ஜெபிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதில் வரும் வசனங்கள் புராட்டஸ்டண்ட் சபைகளில் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் உள்ளபடி தரப்பட்டிருக்கின்றன. கத்தோலிக்கர் தந்தை, மகன், ஆண்டவர் என்று சொல்வதை இங்கே பிதா, குமாரன், கர்த்தர் என்று படிப்பீர்கள்.

இது ஒரே கேள்விதானே? இயேசு கடவுள் என்றால் ஜெபிக்கலாம், இல்லை என்றால் கூடாது. அவ்வளவுதானே?

அவ்வளவு நேராக இல்லை. இயேசு யார் என்பது ஒரு கேள்வி. ஜெபத்தை யாரை நோக்கிச் சொல்வது என்பது வேறொன்று. முதலாவதற்கு ஒருவர் சொல்லும் பதிலை வைத்து இரண்டாவதை ஊகித்தால் பாதி நேரம் தப்பாகிவிடும். இயேசுவை முழுக்க முழுக்கக் கடவுள் என்று அறிக்கையிடும் பழைய சபைகளின் வழிபாட்டில், பெரும்பாலான ஜெபங்கள் பிதாவை நோக்கியே போகின்றன. மறுபக்கம், இயேசு கடவுள் அல்ல என்று அடித்துச் சொன்ன சிலர் அவரிடம் விடாமல் ஜெபித்தார்கள்.

வாக்குவாதத்தில் இறங்குமுன் வேற்றுமை உருபைப் பாருங்கள். இயேசுவை நோக்கியா, இயேசுவின் வழியாகவா, இயேசுவின் நாமத்தினாலா, இயேசுவோடு கூடவா? நான்காம் நூற்றாண்டில் ஆயர்கள் மோதிக்கொண்டதில் பாதி இந்தச் சிறு சொற்களைப் பற்றியதுதான்.

இன்று யார் எங்கே நிற்கிறார்கள்?

கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் சபைகள், லூத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், பெரும்பாலான பெந்தெகொஸ்தேகாரர் ஆகிய எல்லாரும் திரித்துவத்தை, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை ஏற்பவர்கள். பிதாவிடமும் ஜெபிக்கலாம், இயேசுவிடமும் ஜெபிக்கலாம் என்பது இவர்கள் நிலை.

யெகோவாவின் சாட்சிகளுக்கு இயேசு முதன்முதலில் படைக்கப்பட்டவர், பிரதான தூதனாகிய மிகாவேல். ஜெபம் யெகோவாவுக்கு மட்டும், இயேசுவின் பெயரில். கிறிஸ்டடெல்பியன் சபையார் இயேசு மரியாளிடம் பிறப்பதற்கு முன் இருந்ததாகவே ஏற்பதில்லை. மார்மன்கள் பிதா, குமாரன், ஆவி மூவரையும் தனித்தனி ஆட்களாகக் கொண்டு, ஜெபத்தைப் பிதாவுக்கு இயேசுவின் பெயரில் ஏறெடுக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் தோன்றிய இக்லேசியா நி கிறிஸ்டோ சபை ஒரு விசித்திரமான இடத்தில் நிற்கிறது: இயேசு மனிதரே, ஆனாலும் அவரைத் தொழும்படி தேவனே கட்டளையிட்டிருப்பதால் தொழ வேண்டும் என்கிறது. ஒருத்துவப் பெந்தெகொஸ்தேகாரர் இவர்கள் எல்லாருக்கும் நேரெதிர். அவர்களைப் பற்றிக் கீழே தனியாக வருகிறது.

நிசேயாவில் உண்மையில் எதற்காகச் சண்டை?

இயேசு தெய்வீகமானவரா என்பதற்காக அல்ல. இரு தரப்பும் அதை ஒத்துக்கொண்டார்கள். அலெக்சாந்திரியாவின் மூப்பர் ஆரியுஸ் சொன்னது: குமாரன் உலகத்துக்கு முன்பே உண்டானவர், உலகமே அவர் மூலமாக உண்டானது, ஆனாலும் அவர் இல்லாத ஒரு வேளை இருந்தது. கி.பி. 325இல் நிசேயா நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் இதை மறுத்து, குமாரன் பிதாவோடு ‘ஹோமோஊசியொஸ்’, அதாவது ஒரே தன்மையுடையவர் என்று எழுதி வைத்தது. அந்தச் சொல் வேதாகமத்தில் இல்லை. அதைப் போட்டவர்களுக்கும் அது தெரியும். வேத வார்த்தைகளை மட்டும் வைத்து எழுதினால் ஆரியுஸ் தரப்பும் தயங்காமல் கையெழுத்துப் போட்டுவிடும் என்பதால்தான் வெளியிலிருந்து ஒரு சொல்லைக் கொண்டுவந்தார்கள்.

பின்னால் அலெக்சாந்திரியாவின் ஆயரான அத்தனாசியுஸ் வைத்த வாதம் ஜெபத்தைத் தொட்டது. நீங்களும் கிறிஸ்துவைத் தொழுகிறீர்கள், அவர் படைப்பு என்றும் சொல்கிறீர்கள், அப்படியானால் படைப்பைத் தொழுகிறவர்கள் ஆகிவிட்டீர்களே என்றார். ஆரியுஸ் தரப்பும் கிறிஸ்துவை நோக்கி ஜெபித்து வந்ததால்தான் இந்த அடி சரியாக விழுந்தது.

கான்ஸ்டன்டைன் பேரரசர் ஓட்டெடுப்பு வைத்து இயேசுவைக் கடவுளாக்கினார் என்கிறார்களே?

பேரரசர் சங்கத்தைக் கூட்டினார், முடிவுக்கு அழுத்தமும் கொடுத்தார். ஏற்காத ஆயர்கள் இருவர் ஆரியுஸோடு நாடு கடத்தப்பட்டார்கள். இதுவரை உண்மை. ஆனால் இயேசுவைத் தெய்வமாகத் தொழும் வழக்கம் அதற்கு இருநூறு ஆண்டு முந்தியது. சுமார் 112இல் பித்தினியா மாகாண ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வம்போல் பாவித்துப் பாடுகிறார்கள் என்று பேரரசர் திராயானுக்கு எழுதினார். எழுதியவர் கிறிஸ்தவர் அல்ல, அவர்களை விசாரித்துத் தண்டித்த அதிகாரி. அதனால் இந்தச் சாட்சிக்கு எடை கூடுகிறது.

மேலும், 325 எதையும் முடித்துவிடவில்லை. அடுத்த ஐம்பது ஆண்டில் பெரும்பகுதி அரண்மனை எதிர்த்தரப்பின் கையில் இருந்தது. அத்தனாசியுஸ் ஐந்து முறை துரத்தப்பட்டார். கான்ஸ்டன்டைனுக்கே 337இல் ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆரியுஸுக்கு ஆதரவாயிருந்த நிக்கொமேதியா யூசேபியுஸ். நிசேயாவின் நிலை நிலைத்தது 381இல், கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தோடு. வேதாகமத்தில் எந்தப் புத்தகங்கள் இருக்கலாம் என்று நிசேயா முடிவு செய்தது என்பதும் கட்டுக்கதை.

யோவான் 1:1 ‘தேவனாயிருந்தது’ என்கிறதா, ‘ஒரு தெய்வமாயிருந்தது’ என்கிறதா?

வசனம் இதுதான்: ‘ஆதியிலே வார்த்தை இருந்தது, அந்த வார்த்தை தேவனிடத்திலிருந்தது, அந்த வார்த்தை தேவனாயிருந்தது.’ இங்கே ‘வார்த்தை’ என்பது இயேசுவைக் குறிக்கிறது என்பது வழக்கமான வாசிப்பு. கிரேக்கத்தில் பெயருக்கு முன் ‘ஹோ’ என்ற சுட்டுச்சொல் வரும். இந்த வசனத்தில் ‘தேவனிடத்திலிருந்தது’ என்னும் இடத்தில் தேவனுக்கு முன் அது உண்டு. ‘தேவனாயிருந்தது’ என்னும் இடத்தில் இல்லை. தமிழில் அப்படி ஒரு சொல் கிடையாது என்பதால் இந்த வித்தியாசம் நம் கண்ணுக்கே படாது. யெகோவாவின் சாட்சிகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு ‘ஒரு தெய்வம்’ என்று போட்டது இதை வைத்துத்தான்.

எதிர்த்தரப்பின் பதில்: பயனிலையாக வரும் பெயர் வினைச்சொல்லுக்கு முன்னால் வந்தால் கிரேக்கம் சுட்டுச்சொல்லை விட்டுவிடுவது வழக்கம். யோவான் 1:49இல் ‘நீர் இஸ்ரவேலின் ராஜா’ என்பதிலும் அது இல்லை, யாரும் ‘ஒரு ராஜா’ என்று பெயர்ப்பதில்லை. அதே அதிகாரத்தின் 6ஆம் வசனத்தில் ‘தேவனால் அனுப்பப்பட்ட’ என்பதிலும் இல்லை. தவிர, 1:1இல் அது இருந்திருந்தால் வார்த்தையும் பிதாவும் ஒரே ஆள் என்றாகிவிடும், அது திரித்துவக்காரருக்கும் ஆகாது. எங்கள் கணிப்பில் ‘ஒரு தெய்வம்’ என்பது பலவீனமான பெயர்ப்பு. ஆனால் இலக்கணத்தை மட்டும் வைத்து வாயடைக்கப் பார்ப்பவர்களும் அளவுக்கு மீறிப் போகிறார்கள்.

தமிழ் வாசகர் கவனிக்க இன்னொன்று உண்டு. ‘வார்த்தை இருந்தது’ என்று முதல் வசனம் அஃறிணையில் போகிறது. இரண்டாம் வசனம் சட்டென்று ‘அவர் ஆதியிலே தேவனோடிருந்தார்’ என்று உயர்திணைக்கு மாறுகிறது. கிரேக்கத்தில் அந்த மாற்றம் இல்லை. ‘லோகொஸ்’ இலக்கணப்படி ஆண்பால், இரண்டாம் வசனத்தின் சுட்டும் அதனால்தான் ஆண்பால். வார்த்தை தொடக்கம் முதலே ஓர் ஆளா, அல்லது 14ஆம் வசனத்தில் மாம்சமாகும்போதுதான் ஆளாகிறதா என்பது, திரித்துவத்தை மறுக்கும் யூனிட்டேரியன்கள் எழுப்பும் கேள்வி. தமிழ் மொழிபெயர்ப்பு அதற்கு இரண்டாம் வசனத்திலேயே விடை கொடுத்துவிடுகிறது. டின்டேலின் 1526ஆம் ஆண்டு ஆங்கிலப் பெயர்ப்பு மூன்றாம் வசனத்திலும் ‘அது’ என்றே வைத்திருந்தது.

வாதத்தில் பயன்படுத்தக் கூடாத வசனங்கள் எவை?

முதலில் 1 யோவான் 5:7. ‘பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி’ என்று மூவரையும் வரிசையாகச் சொல்லி ‘இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்’ என்னும் பகுதி பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அறிஞர் எராஸ்முஸ் தம் 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு வந்தபின் 1522இல் சேர்த்தார். அங்கிருந்து அது பல மொழிகளுக்குப் பரவியது. திரித்துவத்துக்கு இதை ஆதாரமாகக் காட்டினால், விஷயம் தெரிந்த எதிராளி முதல் நிமிடத்திலேயே உங்களை மடக்கிவிடுவார்.

அடுத்தது 1 தீமோத்தேயு 3:16, ‘தேவன் மாம்சத்திலே வெளிப்பட்டார்’. பழைய பிரதிகளில் ‘தேவன்’ என்பதை இரண்டே எழுத்தாகச் சுருக்கி மேலே ஒரு கோடு போடுவார்கள். ‘அவர்’ என்னும் சொல்லும் இரண்டு எழுத்துதான். முதல் எழுத்தான வட்டத்துக்குள் ஒரு குறுக்குக்கோடு, மேலே ஒரு கோடு, இவைதான் வித்தியாசம். மிகப் பழைய பிரதிகளில் முதலில் எழுதப்பட்டது ‘அவர்’. கோடுகள் பின்னால் ஏறியவை.

இது ஒருதலையான கதையும் அல்ல. யோவான் 1:18இல் தமிழ் ‘ஒரேபேறான குமாரனே’ என்கிறது. அங்கே மிகப் பழைய பிரதிகள் சிலவற்றில் ‘குமாரன்’ இருக்கும் இடத்தில் ‘தேவன்’ இருக்கிறது. அது இயேசுவின் தெய்வீகத்துக்கு இன்னும் பலம். பிரதிகளைத் திருத்தி இயேசுவைக் கடவுளாக்கினார்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

‘என் பிதா என்னிலும் பெரியவர்’ என்று அவரே சொல்லியிருக்கிறாரே?

யோவான் 14:28. இதோடு மாற்கு 13:32ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த நாளைக் குமாரனும் அறியார். பிதாவுக்குக் குமாரன் கீழ்ப்பட்டவர் என்பவர்களுக்கு இவை நேரடியான சாட்சி. திரித்துவக்காரர், 451இல் கல்கெதோன் சங்கம் சொன்னபடி, ஒரே ஆளில் தெய்வத்தன்மையும் மனிதத்தன்மையும் இருப்பதாகக் கொண்டு, அறியாமை மனிதத்தன்மைக்கு உரியது என்கிறார்கள். கல்கெதோனை ஏற்காத சீரிய, காப்டிக், ஆர்மீனிய சபைகளும் கிறிஸ்துவை முழுக் கடவுள், முழு மனிதர் என்றே சொல்கின்றன. ‘இரண்டு தன்மை’ என்ற வாசகம்தான் அவர்களுக்கு ஒப்பவில்லை.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று: இதே வாக்கியம் மத்தேயு 24:36இலும் வருகிறது, ஆனால் பழைய தமிழில் அங்கே குமாரனைப் பற்றிய சொல் இல்லை. பழைய பிரதிகள் பலவற்றில் உண்டு. புதிய மொழிபெயர்ப்பு வைத்திருப்பவரோடு பேசும்போது ‘என் வேதாகமத்தில் இல்லையே’ என்று திகைக்க வேண்டாம்.

‘சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறு’ என்றால் முதலில் படைக்கப்பட்டவர் என்றுதானே பொருள்?

கொலோசெயர் 1:15. தலைச்சன் என்பது பிறந்த வரிசையையும் குறிக்கும், உரிமையையும் குறிக்கும். சங்கீதம் 89:27 தாவீதை ‘முதற்பேறு’ என்கிறது. அவர் ஈசாயின் கடைசி மகன். அடுத்த வசனம் சகலமும் அவருக்குள் சிருஷ்டிக்கப்பட்டது என்று போகிறது. யெகோவாவின் சாட்சிகள் அங்கே ‘மற்ற’ என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறார்கள், கிரேக்கத்தில் அது இல்லை.

நீதிமொழிகள் 8:22 இதைவிடக் கடினம். ஞானம் பேசுவதாக வரும் அந்த இடத்தில் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ‘என்னைப் படைத்தார்’ என்றது. ஆரியுஸ் தரப்பின் முதன்மை ஆயுதம் அது. எபிரேயச் சொல்லுக்கு அடையப்பெறுதல், உடைமையாய்க் கொள்ளுதல் என்று பொருள் விரியும். தமிழில் ‘கொண்டிருந்தார்’ என்று இருக்கிறது.

இயேசுவைப் ‘பணிந்துகொண்டார்கள்’ என்பது ஆராதனையா, மரியாதையா?

கிரேக்கத்தில் இரண்டு சொற்கள். ‘ப்ரோஸ்குனேயோ’ என்பது காலில் விழுவது. அரசனுக்கும் செய்யலாம், தேவனுக்கும் செய்யலாம். ‘லத்ரேயுவோ’ என்பது தேவனுக்குச் செய்யும் ஊழியம். மத்தேயு 4:10இல் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன, தமிழும் பிரித்தே காட்டுகிறது: ‘பணிந்துகொண்டு’, ‘ஆராதனை’. இயேசுவுக்குப் பல இடங்களில் முதற்சொல் வருகிறது. இரண்டாவது நேரடியாக வருவதில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 22:3 மட்டும் நடுவில் நிற்கிறது: தேவனும் ஆட்டுக்குட்டியானவரும் (அதாவது இயேசுவும்) என்று இருவரைச் சொல்லிவிட்டு, ‘அவரை’ என்று ஒருமையில் முடிகிறது.

ஆகவே சொல்லை மட்டும் எண்ணினால் மறுப்பவர்களுக்குச் சாதகம். சூழலைப் பார்த்தால் அப்படி அல்ல. அதே புத்தகத்தில் தூதன் முன் யோவான் விழும்போது ‘இப்படிச் செய்யாதபடிக்குப் பார்’ என்று தடுக்கப்படுகிறார். ஆட்டுக்குட்டியானவர் முன் விழுந்தவர்களை யாரும் தடுக்கவில்லை.

புதிய ஏற்பாட்டில் யாராவது இயேசுவிடம் ஜெபித்திருக்கிறார்களா?

உண்டு, ஆனால் குறைவு. கல்லெறியப்படும்போது ஸ்தேவான் ‘கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்’ என்கிறார் (அப். 7:59). தரிசனத்தில் கண்டவரோடு பேசியது, ஜெபம் அல்ல என்பது மறுப்பவர்கள் வாதம். பவுல் தம்மை வருத்திய ‘முள்’ ஒன்று நீங்கும்படி மூன்றுதரம் ‘கர்த்தரிடத்தில்’ வேண்டிக்கொள்கிறார் (2 கொரி. 12:8). அந்தக் கர்த்தர் யார் என்பது அடுத்த வசனத்தின் ‘கிறிஸ்துவின் வல்லமை’யில் தெரிகிறது. ‘கர்த்தராகிய இயேசுவே, வாரும்’ என்பது வெளிப்படுத்தின விசேஷம் 22:20.

இதில் 1 கொரிந்தியர் 16:22ஐத் தமிழ் வாசகர் தவறவிடுவார். மூலத்தில் அங்கே இருப்பது ‘மாரநாதா’ என்ற அரமேயச் சொல். பிரிக்கும் இடத்தைப் பொறுத்து ‘எங்கள் கர்த்தரே, வாரும்’ என்றும் ஆகும், ‘எங்கள் கர்த்தர் வந்தார்’ என்றும் ஆகும். பழைய தமிழ் ‘கர்த்தர் வருகிறார்’ என்று பெயர்த்ததால் ஒரு ஜெபம் அறிவிப்பாகிவிட்டது. கிரேக்கம் பேசிய சபைக்கு எழுதும் கடிதத்தில் மொழிபெயர்க்காமலே அரமேயத்தில் வருவதால், பவுலுக்கு முந்திய, பாலஸ்தீனச் சபையின் வழக்கம் இது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அழைப்பு என்று படித்தால், இயேசுவை நோக்கிய மிகப் பழைய ஜெபம் இதுவே.

எதிர்ப்பக்கத்தில் யோவான் 16:23: ‘என் நாமத்தினாலே பிதாவினிடத்தில்’ கேளுங்கள். ஆனால் யோவான் 14:14இல் பழைய பிரதிகள் பலவற்றில் ‘என்னிடத்தில்’ என்ற சொல் கூடுதலாக உண்டு, அப்படிப் படித்தால் கேட்பது இயேசுவிடமே. பழைய தமிழில் அந்தச் சொல் இல்லை.

ஆதிச் சபைகள் யாரை நோக்கி ஜெபித்தன?

தனி ஜெபத்திலும் பாட்டிலும் இயேசுவை நோக்கி, பொது வழிபாட்டில் பிதாவை நோக்கி என்பதே பொதுவான போக்கு. மூன்றாம் நூற்றாண்டில் வேத அறிஞர் ஒரிகேன் ஜெபத்தைப் பற்றி எழுதிய நூலில், முழுப்பொருளில் ஜெபம் என்பது பிதாவுக்கே, குமாரன் வழியாக என்றார். அவரே வேறிடங்களில் கிறிஸ்துவை நோக்கிக் கூப்பிடுகிறார். 393இல் ஆப்பிரிக்காவின் ஹிப்போ சங்கம், பீடத்தில் நிற்கும்போது ஜெபம் எப்போதும் பிதாவை நோக்கியே இருக்கட்டும் என்று விதித்தது.

நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பசிலியு சிக்கிக்கொண்டது உருபுச் சண்டையில். ‘குமாரன் வழியாக, ஆவியில் பிதாவுக்கு மகிமை’ என்பதோடு, ‘குமாரனோடும் ஆவியோடும் கூடப் பிதாவுக்கு மகிமை’ என்றும் அவர் சொல்லிவந்தார். ‘கூட’ என்பது சமம் என்றாகிறதே என்று புகார் எழுந்தது. பதிலாக ஒரு முழு நூலே எழுதினார். 512இல் ‘பரிசுத்த தேவனே’ என்னும் பாட்டோடு ‘எங்களுக்காகச் சிலுவையில் அறையப்பட்டவரே’ என்று சேர்த்ததற்காகக் கான்ஸ்டான்டிநோபிளில் கலவரமே மூண்டது. சீரியர் அந்தப் பாட்டைக் கிறிஸ்துவை நோக்கிப் பாடினார்கள், தலைநகரத்தார் திரித்துவத்தை நோக்கி. யாரை நோக்கி என்பது மாறினால் அதே வரி பக்தியாகவும் கேட்கும், தேவதூஷணமாகவும் கேட்கும்.

திரித்துவத்தை மறுத்தும் இயேசுவிடம் ஜெபித்தவர்கள் யார்?

1553 அக்டோபர் 27 அன்று ஜெனீவாவில் எரிக்கப்பட்ட மிகேல் செர்வேத்தின் கடைசிச் சொல்லாகச் சொல்லப்படுவது: ‘நித்திய தேவனின் குமாரனாகிய இயேசுவே, எனக்கு இரங்கும்.’ ‘நித்திய’ என்பதை இடம் மாற்றி ‘தேவனின் நித்திய குமாரனே’ என்று கூப்பிட்டிருந்தால் அது அவரை எரித்தவர்களின் கோட்பாடாகியிருக்கும்.

இன்னும் கூர்மையான மோதல் டிரான்சில்வேனியாவில். அங்கே யூனிட்டேரியன் சபையின் தலைவர் பெரென்ஸ் தாவித், இயேசு கடவுள் அல்ல என்றால் அவரைக் கூப்பிடுவதும் கூடாது என்று கறாராக நின்றார். அவர் மனத்தை மாற்ற 1578இல் பௌஸ்துஸ் சொசினுஸ் வரவழைக்கப்பட்டு, தாவித்தின் வீட்டிலேயே தங்கி மாதக்கணக்கில் வாதாடினார். சொசினுஸும் திரித்துவத்தை மறுத்தவர்தான். ஆனால் உயிர்த்தெழுந்த இயேசுவுக்கு தேவன் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டதால் அவரைத் தொழவேண்டும் என்றார். தாவித் மனம் மாறவில்லை. மதத்தில் புதுமை புகுத்தக் கூடாது என்ற சட்டத்தின் கீழ் தாவித் தண்டிக்கப்பட்டு, 1579 நவம்பரில் தேவா கோட்டைச் சிறையில் இறந்தார். முதல் கேள்வியில் இருவருக்கும் ஒரே பதில், இரண்டாவதில் ஒருவர் சிறையில்.

ஒருத்துவப் பெந்தெகொஸ்தேகாரர் சொல்வது என்ன? ‘இயேசப்பா’ என்பதும் அதுதானா?

பிதா, குமாரன், ஆவி என்பவர்கள் மூன்று ஆட்கள் அல்ல, ஒரே தேவன் வெளிப்பட்ட விதங்கள், அவர் பெயர் இயேசு என்பது ஒருத்துவப் போதனை. 1913இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே நடந்த முகாம் கூட்டத்தில் ஞானஸ்நானம் ‘இயேசுவின் நாமத்தில்’ என்ற பேச்சிலிருந்து இது கிளம்பியது. 1916இல் அசெம்பிளீஸ் ஆஃப் காட் என்னும் பெந்தெகொஸ்தே சபை திரித்துவத்தை எழுதி உறுதிசெய்ததும் இவர்கள் பிரிந்து போனார்கள். இவர்களுக்கு இயேசுவிடம் ஜெபிக்கலாமா என்ற கேள்வியே எழாது. கைதாகுமுன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு யாரிடம் ஜெபித்தார் என்பதுதான் அவர்களிடம் எல்லாரும் கேட்கும் கேள்வி. மனிதத்தன்மை தெய்வத்தன்மையிடம் ஜெபித்தது என்பது அவர்கள் பதில்.

‘இயேசப்பா’ என்பது பாசச்சொல். ஏசாயா 9:6இன் ‘நித்திய பிதா’வை அதற்கு ஆதாரம் காட்டுவாரும் உண்டு. அதைச் சொல்லும் பிள்ளை ஒருத்துவக்காரர் ஆகிவிடாது.

சபையில் ஜெபம் நடத்துகிறேன். எங்கே தவறு நேரும்?

மனப்பாடமில்லாத ஜெபத்தில் அடிக்கடி நேர்வது ஆள் மாறிப்போவது. ‘பரலோகப் பிதாவே’ என்று தொடங்கி, நாலு வாக்கியம் போனதும் ‘நீர் எங்களுக்காகச் சிலுவையில் மரித்தீரே’ என்று வந்துவிடும். சிலுவையில் மரித்தவர் பிதா அல்ல. பிதாவே பாடுபட்டார் என்பது மூன்றாம் நூற்றாண்டிலேயே கண்டிக்கப்பட்ட போதனை. தமிழில் ‘நீர், உம்மை’ எல்லாருக்கும் பொது என்பதால் மாறியது பேசுபவருக்கே தெரியாது. இதன் மறுபக்கம், ‘இயேசுவே’ என்று தொடங்கி ‘இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே’ என்று முடிப்பது.

சரிசெய்வது எளிது. முதல் விளிச்சொல்லை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ‘நீர்’ வரும்போதும் அவரையே மனதில் வையுங்கள். பிதாவை நோக்கிய ஜெபத்தில் ‘உம்முடைய குமாரன் எங்களுக்காக மரித்தாரே’ என்று படர்க்கையில் சொல்லுங்கள். இயேசுவை நோக்கிப் பேச விரும்பினால் முந்திய பகுதியை ஆமென் சொல்லி முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். லத்தீன் வழிபாட்டு நூல்கள் இதற்காகவே முடிவுரைகளைத் தனித்தனியாக வைத்திருக்கின்றன: பிதாவை நோக்கியது என்றால் ‘உம்மோடு வாழ்ந்து ஆளும் உம் மகன் வழியாக’, மகனை நோக்கியது என்றால் ‘வாழ்ந்து ஆள்பவர் நீரே’.

வேறு சபையில் பெற்ற ஞானஸ்நானம் செல்லுமா?

திரித்துவச் சபைகள் ஒன்றின் ஞானஸ்நானத்தை மற்றொன்று பெரும்பாலும் ஏற்கின்றன. குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காதவர்கள் விதிவிலக்கு. வாசகம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. மார்மன்கள் ‘பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில்’ என்றுதான் கொடுக்கிறார்கள், ஆனாலும் சொல்லின் பொருள் வேறு என்று 2001இல் வத்திக்கான் அதைச் செல்லாது என அறிவித்தது. இது புதிதல்ல. இயேசு மனிதர் மட்டுமே என்று போதித்ததாகக் கண்டிக்கப்பட்ட மூன்றாம் நூற்றாண்டு ஆயர் சமோசத்தா பவுலைப் பின்பற்றியவர்கள் திரும்பி வந்தால் மறுபடி ஞானஸ்நானம் தர வேண்டும் என்று நிசேயாவின் 19ஆம் விதி சொல்கிறது.

பல சபையார் கலந்த கூட்டத்தில் எந்த ஜெபம் பொருந்தும்?

கர்த்தருடைய ஜெபம், அதாவது ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று தொடங்குவது. அதில் இயேசுவை நோக்கி ஒரு சொல்லும் இல்லை, கற்றுக்கொடுத்தவர் அவரே என்பதால் யாருக்கும் ஆட்சேபம் வராது. முடிவில் ‘ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்’ என்ற வரியைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர் அதற்கு முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள். யெகோவாவின் சாட்சிகள் பிற சபையாரோடு சேர்ந்து ஜெபிப்பதில்லை, அவர்களை வற்புறுத்த வேண்டாம். அமைப்பு ரீதியாகக் கூடுவது என்றால் அளவுகோல் வேறு: உலகத் திருச்சபைகளின் மன்றம் 1948இல் தொடங்கியபோதே, இயேசு கிறிஸ்துவைக் கடவுளும் இரட்சகரும் என ஏற்கும் சபைகளின் ஐக்கியம் என்று தன் அடிப்படையை எழுதிக்கொண்டது. அந்த வரியை ஏற்காத சபை அதில் உறுப்பினராக முடியாது.